டிரங்குப் பெட்டித் தகரத்தில் ஒரு கித்தார்

அறுபதாம் வருஷத்தை ஒட்டி நடந்தது இது. அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் குடியிருந்தோம். எனக்கு வேலை திருச்சியில், மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு டிரங்குப் பெட்டிக் கடையில். தகரத்தை வெட்டி, மடித்து, ரிவெட் ஆணி அடித்து, பச்சை வர்ணம் பூசி, மூடியில் ஒரு ரோஜாப் பூவும் வரைந்து வைப்பேன். கல்யாணச் சீர் கொடுக்கிறவர்களும், ஹாஸ்டலுக்குப் போகிற பையன்களும் வாங்கிப் போவார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தவன். எழுத்தில் தப்புத் தவறு இருந்தால், குழந்தைகளே, பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, வடித்து வைத்த கொதி கஞ்சி இடது கையில் கொட்டிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வெகு நாள் வைத்திருந்தார்கள். கை பிழைத்தது, விரல்கள் பிழைக்கவில்லை. நான்கு விரலும் உள்பக்கம் மடிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கட்டைவிரல் மட்டும் தப்பியது. கையில் எதையாவது கொடுத்தால் நன்றாகப் பிடித்துக்கொள்வாள். விரலை விரி என்றால் முடியாது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை 'நண்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து அந்தக் கை பாவாடை மடிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அது மடிப்புக்குள்தான். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடமும் நின்றது. நான் வற்புறுத்தவில்லை. பஸ்ஸில் போனால் அவளுக்கு இடது பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன். யாராவது எதிரே வந்தால் என் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து அவள் கை மேல் போட்டுவிடுவேன். வீட்டில் தனியாக இருக்க வேண்டாமே என்று கடைக்கும் கூட்டிப்போவேன். அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, வலது கையால் ரோஜாப் பூவுக்கு இலை வரைந்து தருவாள். யார் கண்ணிலும் படமாட்டாள்.

ஒரு நாள் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். ரயிலில் இன்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். பொன்மலையில் வீடு. கையில் ஒரு கித்தார். நீங்கள் பார்த்திருக்கிற கித்தாரில் நடுவே ஒரு வட்ட ஓட்டை இருக்கும் அல்லவா? இதில் அந்த இடத்தில், துளை போட்ட ஒரு தகரத் தட்டு பதித்திருந்தது. அந்தத் தட்டு ஒரு பக்கம் நசுங்கிப்போயிருந்தது.

"இதைத் தட்டி நேராக்கித் தரணும் மேஸ்திரி. பீரோ மேலேர்ந்து விழுந்துருச்சு," என்றார்.

எங்கள் கடை முதலாளிக்கு யாரையாவது சீண்டாவிட்டால் பொழுது போகாது. "என்னங்க தொரை, கித்தார் வயித்துல தட்டு வச்சிருக்கீங்க? பசிக்குமா அதுக்கு?"

"பசிக்கும் மேன். அதான் உன் கடைக்குக் கூட்டியாந்தேன்."

தட்டின் திருகுகளைக் கழற்றி, மரச்சுத்தியால் தட்டிச் சரிசெய்து கொடுத்தேன். பெரியவர் அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கித்தாரை மல்லாக்காகத் தொடையில் படுக்கவைத்தார். இடது கையில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு கம்பிகளின் மேல் இழுத்தார். வலது கையால் மீட்டினார். அந்தச் சத்தம் கடையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர் வரிசை ஜவுளிக் கடை வரைக்கும் போனது. புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே மெல்லிய அலுமினியத்தில் குடை மாதிரி ஒரு கூம்பு இருக்கிறது, கம்பி அதிர்ந்தால் கூம்பு அதிரும், அதுதான் மின்சாரம் இல்லாமலே இவ்வளவு சத்தம் தருகிறது என்று சொன்னார். யுத்த காலத்தில் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்கார சிப்பாயிடம் வாங்கினதாம்.

நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் வேறு எதையோ பார்த்திருக்கிறாள். பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, அவருக்கு எதிரே நின்று, அவருடைய இடது கையையே பார்த்தாள். அந்தக் கையில் ஒரு விரலும் விரியவில்லை. இரும்பை மூடிப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

"இதுக்கு விரலே வேணாமா?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பாவாடை மடிப்புக்குள் அவள் எதை வைத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'என்னம்மா ஆச்சு கைக்கு' என்று கேட்கவில்லை. எல்லோரும் கேட்பது அதைத்தான். அவர் கேட்கவில்லை.

"இந்தக் கைக்கு வேணாம். பிடிச்சா போதும். பிடிக்கிறியா?" என்று இரும்பை நீட்டினார்.

என் கை துண்டுக்குப் போனது. அதற்குள் மடிப்பிலிருந்து அவள் கை தானாக வெளியே வந்து, இரும்பை வாங்கிக்கொண்டது. கம்பி மேல் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். பூனை கத்தின மாதிரி இருந்தது. முதலாளி சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நானும் அவளும் பஸ் ஏறிப் பொன்மலைக்குப் போவோம். பெரியவர் பாடம் எதுவும் நடத்தவில்லை. "எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியாது. நீயே நோண்டிக்கோ," என்று கித்தாரை அவளிடம் கொடுத்துவிட்டு, என்னை உட்காரவைத்து இன்ஜின் கதை பேசுவார். அவளும் நோண்டிக்கொண்டே இருந்தாள். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பெருமாள் புறப்பாட்டில் கேட்கிற நாதஸ்வரம்தான். அதையே தேடித் தேடி இழுப்பாள். இழுத்து வாசிக்கிற வாத்தியம் ஆனதால் குழைவும் நெளிவும் அப்படியே வந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் சொன்னார். தன் மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள், வரச் சொல்லி எழுதிவிட்டாள், மழைக்காலம் முடிந்ததும் மெட்ராஸ் போய்க் கப்பல் ஏறுகிறேன் என்று. கித்தாரையும் எடுத்துப் போகிறார். அவருடைய சம்சாரம் உயிரோடு இருந்தபோது இருவரும் சேர்ந்து வாசித்ததாம். அதைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

திரும்பி வரும்போது பஸ் காவேரிப் பாலத்தின் மேல் ஏறியதும், அவள் கை பழையபடி மடிப்புக்குள் போய்விட்டதைப் பார்த்தேன்.

அடுத்த முறை போனபோது பெரியவரிடம், "சார், ஒரு தடவை தட்டைக் கழட்டிப் பாத்துக்கட்டுமா? தகர வேலைதானே, நானே ஒண்ணு பண்ணிப் பாக்குறேன்," என்றேன்.

சரி என்று தலையாட்டினார். பிறகு ஸ்குரூ டிரைவரை அவரே எடுத்து வந்தார். நான் காகிதத்தில் பென்சிலால் அளவு எடுத்துக்கொண்டேன்.

வேலையை வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டேன். உடம்பு முழுக்க டிரங்குப் பெட்டித் தகரம். நாங்கள் பெட்டிக்கு எப்படி மூலை மடிப்போமோ அப்படியே மடித்து, வளைவுகளில் ஈயம் பற்றவைத்தேன். கழுத்துக்கு ஒடிந்த கட்டிலின் தேக்குச் சட்டம். கம்பி இழுக்கிற இழுப்பில் தகரம் சுருங்கிவிடும் என்பதால், சட்டத்தை உடம்புக்குள்ளே கடைசி வரை ஓடவிட்டேன். கம்பிகளும், அவற்றை முறுக்குகிற சாவிகளும் பெரியவர் தந்தார். கஷ்டப்படுத்தியது கூம்புதான். அலுமினியத் தகட்டைக் குழிவான கட்டையில் வைத்து, அப்பளம் கனத்துக்கு வரும்வரை அடித்தேன். முதல் கூம்பு ஒரு பக்கம் லேசாகக் கோணிவிட்டது. தூக்கிப் போட்டேன். என் மனைவி அதை எடுத்து உப்பு ஜாடிக்கு மூடியாக்கிக்கொண்டாள்.

"இத்தன வருஷத்துல எனக்குன்னு ஒரு மூடி பண்ணிக் குடுத்துருப்பீங்களா? கோணினாத்தான் எனக்கு," என்பாள்.

கம்பி மேல் இழுக்கிற இரும்புக்கு, முதலாளி வெற்றிலை இடிக்கிற சின்ன உலக்கை அளவாக இருந்தது. அவள் உள்ளங்கைக்குள் அப்படியே போய் உட்கார்ந்தது. இரண்டு நாள் முதலாளி கடை முழுக்கத் தேடினார். "வாய்ல பல்லுதான் இல்லன்னு பாத்தா, இப்ப உலக்கையும் போச்சா," என்று புலம்பினார். விஷயத்தைச் சொன்னதும், "அது பாட்டுப் பாடுனா வச்சுக்கட்டும். பாடலன்னா திருப்பிக் குடுத்துரு," என்றார்.

இரண்டாவது கூம்பு நன்றாக வந்தது. அதைக் கித்தாரின் வயிற்றுக்குள் இருக்கிற விளிம்பில் உட்காரவைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எது ஆடினாலும் அது பழுது. பெட்டி வாங்க வருகிறவர் மூடியை ஆட்டிப் பார்ப்பார், கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். கடகடவென்றால் வாங்கமாட்டார். அதனால் கூம்பைச் சுற்றி நெருக்கமாக ரிவெட் அடித்தேன். இடுக்கு எங்கும் தெரியாமல் அரக்கு உருக்கி ஊற்றி அடைத்தேன். தண்ணீர் விட்டால் ஒரு சொட்டு இறங்காது. இனி ஆயுசுக்கும் ஆடாது என்று எனக்கு அவ்வளவு திருப்தி. கடைசியில் பச்சை வர்ணம் பூசினேன். மகள் ரோஜாப் பூ வரைந்தாள்.

பொன்மலைக்குத் தூக்கிப் போனோம். பெரியவர் வீட்டில் பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. கித்தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கு மேன்," என்று கம்பிகளைச் சுருதி சேர்த்து மகளிடம் கொடுத்தார்.

அவள் மீட்டினாள்.

மூட்டையைக் கம்பால் தட்டின மாதிரி ஒரு சத்தம். மறுபடியும் மீட்டினாள். அதே 'பொத்'. பெரியவரும் வாசித்துப் பார்த்தார். அவருக்கும் பிடிபடவில்லை. "நான் இன்ஜின் ஓட்டினவன். இதுக்குள்ள என்ன கோளாறுன்னு எனக்கு என்னா தெரியும்?" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மகள் அழவில்லை. உலக்கையை மெதுவாக மேஜை மேல் வைத்துவிட்டுக் கையை மடிப்புக்குள் விட்டுக்கொண்டாள். "பரவால்லப்பா. பாக்க நல்லாத்தான் இருக்கு," என்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பொன்மலைக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். அவர் ஊருக்குப் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் தினமும் வேலை விட்டு வந்து கித்தாரைத் திறந்து பார்ப்பேன். ரிவெட் எங்காவது தளர்ந்திருக்குமோ என்று இன்னும் இரண்டு அடிப்பேன். இன்னும் கொஞ்சம் அரக்கு ஊற்றுவேன். இருந்த சத்தமும் குறைந்தது.

ஒரு நாள் சாயங்காலம் என் மனைவி சாம்பாருக்கு உப்பு எடுக்க ஜாடியைத் திறந்தவள், அந்த மூடியை விளிம்பில் இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மற்றக் கையால் அதைச் சுண்டினாள். 'ணங்' என்றது. சத்தம் சுவரில் போய் முட்டித் திரும்பியது.

"என்னங்க, இது கோணலு. இது எப்படிக் கத்துது பாருங்க," என்றாள். பிறகு உட்கார்ந்து, திறந்து கிடந்த கித்தாருக்குள் நான் பொருத்தியிருந்த கூம்பைச் சுண்டினாள். 'டப்' என்றது. "இது நல்லது. இது ஏன் வாயத் தொறக்கல?"

"அது வேற, இது வேற," என்றேன்.

"என்னத்த வேற? கடையில பாத்திரம் வாங்கறப்ப எப்படிப் பாப்போம்? விளிம்பத் தொட்டும் தொடாம தூக்கிப் பிடிச்சுத்தானே சுண்டுவோம். இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சுண்டினா வெங்கலமும் கத்தாது. நீங்க அதச் சுத்திவர அமுக்கிப் புடிச்சிருக்கீங்க. அது எங்கேர்ந்து கத்தும்?"

என் மனைவி மூடியை உள்ளங்கையில் அமுக்கிக்கொண்டு சுண்டிக் காட்டினாள். சத்தமே இல்லை. விட்டுப் பிடித்துச் சுண்டினாள். 'ணங்'.

எனக்கு அப்போதுதான் பெரியவரின் கித்தாரைத் திறந்தது நினைவுக்கு வந்தது. அதில் கூம்பு விளிம்பு மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரு ரிவெட்கூட இல்லை. கம்பிகளின் பாரம்தான் அதை அந்த இடத்தில் இருத்தியிருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் திருகு எங்கோ விழுந்துபோயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நம்முடையதில் அந்தக் குறை இருக்கக் கூடாது என்றுதான் அத்தனை ரிவெட்டும் அடித்தேன்.

ரிவெட்டுகளை வெட்டி எடுத்தேன். அந்தக் கூம்பு துளை துளையாகி வீணாய்ப்போயிற்று. புதிதாக அடிக்கப் பொழுதில்லை.

"இந்தாங்க," என்று உப்பு மூடியைக் கழுவித் துடைத்து நீட்டினாள் மனைவி. "ஜாடிக்கு நான் தட்டு போட்டு மூடிக்கிறேன்."

கோணலை ஓரளவு தட்டி எடுத்துவிட்டு, அதை விளிம்பில் சும்மா வைத்தேன். ரிவெட் இல்லை, அரக்கு இல்லை. அப்படி விட எனக்குக் கை வரவில்லை. குழந்தையைக் கிணற்று ஓரத்தில் உட்காரவைத்த மாதிரி இருந்தது. கூம்பின் உச்சியில் வட்டமான ஒரு சின்ன மரத்துண்டை வைத்து, கம்பிகளை அதன் மேல் ஏற்றி முறுக்கினேன். மகள் அறைக்குள்ளிருந்து வரவில்லை. நானே ஒரு கம்பியைத் தட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, "என்ன சத்தம் அங்க?" என்றார்.

அறைக் கதவு திறந்தது. மகள் வந்து உட்கார்ந்து, கித்தாரை மடியில் படுக்கவைத்துக்கொண்டு, இடது கையை நீட்டினாள். உலக்கையை எடுத்து அதில் வைத்தேன்.

பெரியவர் புறப்படுகிற நாளன்று மூவரும் ரயில் ஜங்ஷனுக்குப் போனோம். ஊர்ப்பட்ட கூட்டம். பொன்மலையிலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். கித்தாரைத் தரையில் வைத்துவிட்டு நான் சுற்றிப் பார்ப்பதற்குள், ஒரு போர்ட்டர் அதையும் டிரங்குகளோடு சேர்த்துத் தலையில் ஏற்றிவிட்டார்.

"அது பொட்டி இல்ல மேன், எறக்கு," என்று பெரியவர்தான் ஓடிப்போய் மீட்டுக்கொண்டு வந்தார். கையில் வாங்கினதுமே ஒரு விரலால் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பினார்கள். அவர் முகம் மாறிவிட்டது. தன் டிரங்குப் பெட்டியைக் காட்டி, "உக்காரு. வாசி," என்றார் மகளிடம்.

வீட்டில் வாசிப்பது வேறு. இங்கே இத்தனை கண்ணுக்கு நடுவில், அந்தக் கையை எல்லோரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டா?

"வேணாம்மா, கூட்டமா இருக்கு. வீட்டுல போயி வாசிச்சுக்கலாம்," என்றேன். துண்டு அதற்குள் தோளிலிருந்து என் கைக்கு வந்திருந்தது.

"இவரு நம்ம வீட்டுக்கு வரமாட்டாரேப்பா," என்றாள் அவள்.

உட்கார்ந்து வாசித்தாள். புறப்பாட்டு நாதஸ்வரம்தான். நடுநடுவே தடுமாறியது. ஆனால் அந்தப் பச்சைத் தகரத்திலிருந்து வந்த நாதம், இன்ஜின் விடுகிற மூச்சுக்கும் மேலாகக் கேட்டது. ஆட்கள் வளைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் வந்து நின்ற ஒரு சின்னப் பெண், "அக்கா, ஒங் கை ஏன் அப்படி இருக்கு?" என்று உரக்கக் கேட்டது. நான் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கஞ்சி கொட்டிருச்சு," என்றாள் என் மகள், வாசிப்பை நிறுத்தாமலே.

அந்தச் சின்னப் பெண் தலையாட்டிவிட்டு மறுபடி பாட்டைக் கேட்க ஆரம்பித்தது. அவ்வளவுதான் நடந்தது. அதற்குத்தான் அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன்.

வாசித்து முடிந்ததும் என் மனைவி உப்பு மூடிக் கதையைப் பெரியவரிடம் சொன்னாள். விசில் ஊதியது. பெரியவர் வண்டியில் ஏறி ஜன்னலோரம் நின்றார். "உப்பு வாசனை வருது மேன், உன் கித்தார்ல," என்றார் என்னிடம். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வண்டி நகர்ந்தது. மகள் வலது கையால் கித்தாரை இடுப்போடு அணைத்திருந்ததால், இடது கையைத் தூக்கி ஆட்டினாள். தலைக்கு மேலே உயர்த்தி, கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள். தான் எந்தக் கையை ஆட்டுகிறோம் என்பது அவளுக்கே தெரியாது. நான் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போனாள். இப்போது வாத்தியார் பயிற்சி படிக்கிறாள். நான் இன்னும் பெட்டிகளுக்கு ரிவெட் அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து நடக்க நேர்ந்தால், பிடி தேவைக்கு மேல் இறுகியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்து, கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.